லண்டன் வழியா, ரொட்டர்டாமுக்கு நேரேயா: பிரெக்ஸிட் சண்டையில் கொழும்பு ஏற்றுமதியாளர் பார்க்க வேண்டிய கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் பிரித்தானியாவின் பொருளாதாரம் நொந்துபோனதா இல்லையா என்ற வழக்கு 2016 ஜூன் 23 வாக்கெடுப்புக்கு முன்னரே தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. 51.9க்கு 48.1 என்று பிளந்து நின்ற நாட்டில் அது இலகுவில் ஓயாதுதான். ஆனால் புறக்கோட்டையிலிருந்து மசாலாவும் தேயிலையும் அனுப்புகிறவர், பியகமவில் ஆடை தைத்து அனுப்புகிறவர் அந்த வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க முடியாது. முன்பு ஒரு கொள்கலனை இங்கிலாந்தின் பீலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறக்கினால் போதும். லண்டன் ரூட்டிங் கடைக்கும் பரிஸ் லாச்சப்பல் கடைக்கும் அதே சரக்கு பிரிந்து போய்விடும். 2021 ஜனவரி 1 முதல் அந்த வழியின் நடுவே இரண்டாவது சுங்கம் வந்து நிற்கிறது. பழையபடி லண்டன் வழியாகவே அனுப்புவதா, கொழும்பிலேயே இரண்டாகப் பிரித்து நேரே அனுப்புவதா, ஒரு பக்கத்தை விட்டுவிடுவதா என்பதுதான் இங்கே முடிவெடுக்க வேண்டிய விடயம்.

லண்டன் முகவர் ஒரு சதவீதத்தைச் சொல்லி ஒரு வழிக்கு இழுப்பார், நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுக முகவர் இன்னொரு சதவீதத்தைச் சொல்லி மறுவழிக்கு இழுப்பார். ஆகவே முதலில் அந்தச் சதவீதங்கள் எதை அளக்கின்றன என்று பார்த்துவிடுவோம்.

ஆளுக்கொரு எண்

பிரித்தானியத் திறைசேரி 2016இல் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஏப்ரலில் வந்தது நீண்டகாலக் கணக்கு: கனடா செய்துகொண்டது போன்ற ஒப்பந்தத்தோடு வெளியேறினால், 2030 அளவில் பொருளாதாரம் இருந்திருக்க வேண்டிய அளவைவிட 6.2 சதவீதம் சிறியதாக இருக்கும், அது குடும்பத்துக்கு 4,300 பவுண் என்றது. மே மாதம் வந்தது குறுகியகாலக் கணக்கு: வெளியேற வாக்களித்த உடனேயே பொருளாதாரம் பின்வாங்கும், சுமார் 5 இலட்சம் பேர் வேலை இழப்பார்கள் என்றது. இரண்டாவது பொய்த்தது. வாக்கு எண்ணிய இரவில் 1.50 டொலரைத் தொட்ட பவுண், விடிவதற்குள் 1.33க்கும் கீழே விழுந்தது உண்மை. ஆனால் சொன்ன மந்தம் வரவில்லை. ‘நிபுணர்கள் பயமுறுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை’ என்று வெளியேற்ற ஆதரவாளர்கள் இன்றுவரை சொல்வது இதைப் பிடித்துக்கொண்டுதான். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வாக்கெடுப்பு அதிர்ச்சியால் மக்கள் செலவைச் சுருக்குவார்களா என்பது ஒரு கேள்வி; எல்லையில் ஏறும் செலவு பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வணிகத்தை எவ்வளவு அரிக்கும் என்பது வேறு கேள்வி. முதலாவதில் தவறியவர் இரண்டாவதிலும் தவறியாக வேண்டும் என்றில்லை.

குடும்பத்துக்கு 4,300 பவுண் என்றதும் கோணலான கணக்குத்தான். மொத்த உற்பத்தி இழப்பைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்தால் அது ஒரு வீட்டின் பணப்பையிலிருந்து போகும் காசு ஆகிவிடாது. ஒன்றியத்துக்கு ‘வாரம் 350 மில்லியன் பவுண்’ அனுப்புகிறோம் என்று மறுபக்கத்தார் பேருந்தில் எழுதி ஓட்டியது அதைவிட மோசம். பிரித்தானியாவுக்கு உரிய கழிவைக் கழிக்காத தொகை அது என்று அந்த நாட்டின் புள்ளிவிபர அதிகாரசபையே கண்டித்தது. இரண்டையும் ஒதுக்கிவிடலாம்.

இப்போது அதிகம் அடிபடுவது 4 சதவீதம். பிரித்தானிய அரசுக்குப் பொருளாதாரக் கணிப்பு செய்யும் சுயாதீன அமைப்பான வரவுசெலவுப் பொறுப்புக்கான அலுவலகம் எடுத்துக்கொண்ட அனுமானம் இது. ஒன்றியத்துக்குள் இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உற்பத்தித்திறனைவிட நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறையும். ஏற்றுமதியும் இறக்குமதியும் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும் என்கிறது. பொருளாதாரம் 4 சதவீதம் சுருங்கிவிட்டது என்று இதை வாசிப்பவர்கள் இரு தரப்பிலும் உண்டு. அப்படி யாரும் சொல்லவில்லை.

அதே 4 சதவீதத்தை எதிர்த்திசையில் சொன்னவர் பட்ரிக் மின்போர்ட். வெளியேற்றத்தை ஆதரித்த பொருளியலாளர்களின் சார்பில் அவர் போட்ட கணக்கில் 4 சதவீத ஆதாயம் வந்தது. பிரித்தானியா எவரோடும் பேரம் பேசாமல் எல்லா இறக்குமதித் தீர்வையையும் தானாகவே நீக்கிவிடும், அதனால் உள்நாட்டு விலைகள் விழும் என்பது அதன் அடிப்படை. நடந்தது அதுவல்ல. ஒன்றியத்தின் தீர்வைப் பட்டியலைச் சிறிது சீர்செய்து பிரித்தானியா தன் பட்டியலாக்கியது; ஆயத்த ஆடைக்கு 12 சதவீதம் அப்படியே இருந்தது.

கொழும்பு வாசகர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மின்போர்ட் சொன்னது நடந்திருந்தால் லண்டன் நுகர்வோருக்கு அது இலாபமாக இருந்திருக்கலாம், நமக்கு அல்ல. சீனச் சட்டைக்கு 12 சதவீதம், இலங்கைச் சட்டைக்குப் பூச்சியம் என்ற இடைவெளியில்தான் நமது ஆடைத் தொழிலின் பிரித்தானியச் சந்தை நிற்கிறது. எல்லோருக்கும் பூச்சியம் என்றால் அந்த இடைவெளி போய்விடும். 2025 ஜூலை 24இல் கையெழுத்தான பிரித்தானிய-இந்திய ஒப்பந்தம் இதையே திருப்பூருக்காகச் செய்கிறது. ஆகவே ‘பிரித்தானியாவுக்கு எது நல்லது’ என்ற விவாதத்தில் வென்றவரின் பக்கம் சாய்வது கொழும்புக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வெளியேறிய பின் வந்த மதிப்பீடுகளில் சண்டை ஒரே இடத்தில்தான்: வெளியேறாத பிரித்தானியா எப்படி இருந்திருக்கும்? அதைக் கண்ணால் கண்டவர் இல்லை. ஐரோப்பியச் சீர்திருத்த மையம் என்ற ஆய்வு நிறுவனம், பிரித்தானியாவைப் போலவே வளர்ந்துவந்த நாடுகளைக் கலந்து ஒரு இரட்டைப் பிரித்தானியாவை உருவாக்கி ஒப்பிட்டது. 2022 நடுப்பகுதியில் இடைவெளி 5.5 சதவீதம் என்றது. அந்தக் கலவையில் அமெரிக்காவின் பங்கு அதிகம், அமெரிக்கா கொவிட் காலத்தில் பெருந்தொகையைக் கொட்டி வளர்ந்தது, அதைப் பிரெக்ஸிட்டின் தலையில் கட்டலாமா என்று பொருளியலாளர் ஜூலியன் ஜெசப் போன்றவர்கள் கேட்டார்கள். ஜேர்மனியையும் பிரான்ஸையும் அருகில் வைத்துப் பார்த்தால் 2016க்குப் பின் பிரித்தானியா பெரிதாகப் பின்தங்கவில்லை என்பது அவர்களின் வாதம். 2023இல் பிரித்தானியாவின் தேசியப் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் 2 முதல் 3 சதவீத இழப்பு என்றது. 2025 நவம்பரில் பொருளியலாளர் நிக்கலஸ் புளூமும் உடன் ஆய்வாளர்களும் 6 முதல் 8 சதவீதம் என்றார்கள். இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால், இழப்பு உண்டு, அளவு தகராறுக்குரியது என்பதற்கு மேல் போக வேண்டியதில்லை என்பதே எமது நிலைப்பாடு.

நமது முடிவுக்கு உண்மையில் பயன்படும் எண் வேறொன்று. லண்டன் பொருளியல் பள்ளியின் பொருளாதாரச் செயற்பாட்டு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு நிறுவனவாரியாகப் பார்த்தது. வெளியேறிய பின் ஒன்றியத்தோடு செய்த புதிய வர்த்தக ஒப்பந்தத்தால் 2022இல் பிரித்தானியாவின் பொருள் ஏற்றுமதி 27 பில்லியன் பவுண், அதாவது 6.4 சதவீதம் குறைந்தது என்றது. குறைந்தது யாருக்கு என்பதுதான் முக்கியம். ஒன்றியத்துக்கு அனுப்பிவந்த நிறுவனங்களில் 14 சதவீதம், சுமார் 16,400 நிறுவனங்கள், அனுப்புவதையே நிறுத்தின, பெரும்பாலும் சிறியவை. பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ அசையவில்லை.

காரணம் எளிது. சுங்கப் பத்திரம், சுகாதாரச் சான்று, முகவர் கட்டணம் எல்லாம் பொதிக்கு இவ்வளவு என்று வரும். பெறுமதிக்கு இவ்வளவு என்று வராது. ஒரு பொதிக்கு 300 யூரோ போகிறது என்று வைத்துக்கொண்டால், 30,000 யூரோ சரக்குக்கு அது 1 சதவீதம். 3,000 யூரோ சரக்குக்கு 10 சதவீதம். வெளியேறியது சரி என்பவரும் தவறு என்பவரும் இதை மறுப்பதில்லை. லாச்சப்பல் கடைக்கு வாரம் ஒரு வான் அனுப்பிவந்த லண்டன் மொத்த வியாபாரி இந்த 14 சதவீதக் கூட்டத்தைச் சேர்ந்தவர். உங்கள் சரக்கு அவர் கையில்தான் இருக்கிறது.

லண்டன் வழி எங்கே அடைக்கிறது

பிரித்தானியாவுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே தீர்வை இல்லை என்று ஒப்பந்தம் சொல்கிறதே, பிறகென்ன என்று கேட்பார்கள். அந்தப் பூச்சியத் தீர்வை பிரித்தானியாவில் உற்பத்தியான பொருளுக்கு. இலங்கைச் சட்டை லண்டன் களஞ்சியத்தில் ஒரு மாதம் இருந்ததால் பிரித்தானியச் சட்டை ஆகாது. 2021 ஜனவரியிலேயே மார்க்ஸ் அன் ஸ்பென்சர் இதில் மாட்டியது: ஜேர்மனியில் செய்து பிரித்தானியாவுக்கு வந்த பேர்சி பிக் இனிப்பை அயர்லாந்துக் கடைக்கு அனுப்பும்போது தீர்வை கேட்கப்பட்டது.

நமது சரக்குக்கு நடப்பது இது. பீலிக்ஸ்டோவில் பிரித்தானியாவின் வளர்முக நாடுகள் வர்த்தகத் திட்டத்தின் கீழ் பூச்சியத் தீர்வையில் விடுவிக்கப்படுகிறது. விடுவித்த அந்தக் கணமே, ஒன்றியம் வளர்முக நாடுகளுக்குத் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகைக்கான தகுதி கழன்றுவிடுகிறது. ஏனென்றால் இடைவழியில் சுங்கக் கண்காணிப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அதன் நிபந்தனை. பிறகு பிரான்ஸின் கலே துறைமுகத்தில் 12 சதவீதம் முழுதாகக் கட்ட வேண்டும். 20,000 யூரோ ஆடைக்கு 2,400 யூரோ. இதைக் கொழும்பில் யாரும் கட்டுவதில்லை, பரிஸ் வாங்குபவர் கட்டுகிறார், பிறகு அடுத்த விலைப்பேச்சில் உங்களிடமிருந்து கழிக்கிறார்.

இதைச் சட்டப்படி சுற்றிப்போக ஒரு வழி உண்டு. பிரித்தானியாவில் விடுவிக்காமல், தீர்வை கட்டாமல் சரக்கு வைக்கும் சுங்கப் பிணைக் களஞ்சியத்தில் வைத்து, சுங்கக் கண்காணிப்பிலேயே எல்லை தாண்ட உதவும் ரீ-1 கடவுப் பத்திரத்தில் பிரான்ஸுக்கு அனுப்பலாம். சலுகை தப்பும். ஆனால் அதற்கு ஐரோப்பாவுக்கான பங்கைக் கொழும்பிலேயே தனி இன்வொய்ஸாக, பொருள் எங்கே உற்பத்தியானது என்று சொல்லும் தனி மூல உறுதியுரையோடு எழுதியிருக்க வேண்டும். கடவுப் பத்திரத்துக்குப் பிணை உத்தரவாதம் வேண்டும். கொழும்பிலேயே பிரித்து எழுதுவதென்றால் அங்கிருந்தே நேரே அனுப்பிவிடலாமே என்று தோன்றினால், பெரும்பாலும் அதுவே சரி.

ஒரே சட்டை, இரண்டு விதி

ஆடையில் இரு சந்தைகளும் இப்போது வெகுதூரம் விலகிவிட்டன. ஜீ.எஸ்.பி. பிளஸில் இரட்டை உருமாற்றம் கேட்பார்கள்: நெய்த துணியென்றால் நெசவும் தையலும், பின்னல் துணியென்றால் பின்னலும் தையலும் இலங்கையில் நடக்க வேண்டும். சார்க் நாடுகளின் துணிக்குச் சில நிபந்தனைகளோடு இடம் உண்டு; சீனத் துணிக்கு இல்லை. பிரித்தானியா 2025 ஜூலையில் அறிவித்த தளர்வின்படி, 2026 முதல் இலங்கை ஆடைக்குத் துணி எங்கிருந்து வந்தாலும் சரி, இங்கே தைத்தால் போதும். அதாவது சீனத் துணியில் பியகமவில் தைத்த ஒரே சட்டைக்கு லண்டனில் பூச்சியம், பரிஸில் 12 சதவீதம்.

ஆகவே துணிக் கொள்வனவின்போதே முடிவெடுக்க வேண்டும். சீனத் துணியில் ஓடும் ஓடர் என்றால் அதைப் பிரித்தானியாவுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். ஐரோப்பா கேட்டால் 12 சதவீதத்தைச் சேர்த்து விலை சொல்லுங்கள். உள்ளூர்ப் பின்னல் துணி என்றால் இரு பக்கமும் போகலாம், நேரே போக வேண்டும். துணி வாங்கிய பற்றுச்சீட்டும் நெசவாலைப் பத்திரமும் ஒவ்வொரு ஸ்டைல் இலக்கத்தோடும் கோர்த்து வைக்காதவர், பின்னர் சரிபார்ப்பு வரும்போது மாட்டுகிறார். வந்த தீர்வை வாங்குபவரின் தலையில் விழும்.

பத்திரங்களும் வேறு வேறு. ஒன்றியத்துக்கு 6,000 யூரோவுக்கு மேற்பட்ட பொதியென்றால் ரெக்ஸ் எனப்படும் ஏற்றுமதியாளர் பதிவு இலக்கம் கட்டாயம். வொக்ஸ்ஹோல் வீதியில் உள்ள வர்த்தகத் திணைக்களம் பதிவு செய்கிறது. இன்வொய்ஸில் உறுதியுரையோடு தகுதிக் குறியும் வேண்டும்: முழுக்க இங்கேயே விளைந்ததற்கு ‘பீ’, இங்கே பதப்படுத்தியதற்கு ‘டபிள்யூ’வும் சுங்கப் பட்டியலின் நான்கிலக்கத் தலைப்பும். உறுதியுரை 12 மாதம் செல்லும். பிரித்தானியாவுக்கு ரெக்ஸ் தேவையில்லை, வணிகப் பத்திரத்தில் அதற்குரிய மூல அறிவிப்பு போதும். வழக்கமான பிழை, பழைய இன்வொய்ஸைப் பிரதியெடுத்து ஐரோப்பிய வாசகத்தோடு லண்டனுக்கு அனுப்புவது, அல்லது மறுவளமாக. வார்ப் கிளார்க்கின் கணினியில் இரண்டு வேறு மாதிரிப் படிவங்கள், வேறு நிறத் தலைப்போடு இருக்கட்டும்.

சலுகைகளின் ஆயுளும் ஒன்றல்ல. ஜீ.எஸ்.பி. பிளஸ் 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு பிணைந்தது. 2010 ஆகஸ்ட் 15இல் இலங்கை அதை இழந்தது, 2017 மே 19இல் மீளப் பெற்றது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் சாதாரண ஜீ.எஸ்.பி.யில் ஆடைக்கு 9.6 சதவீதம் கட்டினோம். 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் காட்டி, தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராயும்படி தீர்மானம் போட்டது. ஜீ.எஸ்.பி. ஒழுங்குவிதியின் காலம் 2023இல் 2027 முடிவுவரை நீடிக்கப்பட்டது. 2023 ஜூன் 19இல் வந்த பிரித்தானியத் திட்டம் உடன்படிக்கைகளை நுழைவு நிபந்தனையாக வைக்கவில்லை. பாரிய மீறல் என்றால் நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் கையில் வைத்திருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த நாட்டில் யாரை அதிகம் வருத்தியது என்பது தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; வணிகக் கணக்கில் அது பெரும்பாலும் ஐரோப்பியப் பக்கத்து ஆபத்து. இரண்டாண்டுக்கு மேற்பட்ட ஐரோப்பிய ஓடருக்கு இயந்திரம் வாங்குமுன் 9.6 சதவீதத்திலும் கட்டுபடியாகுமா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தேயிலை, இலைவகை, சம்பல்

கறுப்புத் தேயிலைக்கு ஒன்றியத்தில் சலுகை இல்லாமலே தீர்வை பூச்சியம். ஆகவே லண்டன் வழியாகப் போனால் இழப்பது சலுகையை அல்ல, பத்திரச் செலவை மட்டுமே. ஏற்கெனவே பரிஸுக்கு வான் ஓட்டும் லண்டன் வியாபாரி இருந்தால், 500 கிலோ, 1,000 கிலோ அளவுக்குப் பழைய வழியே மலிவாக இருக்கலாம். இங்கே இடறுவது பூச்சிகொல்லி எச்ச எல்லை. 2021க்குப் பின் பிரித்தானியா தன் எல்லைகளைத் தானே வைக்கிறது; ஒன்றியம் தன்னுடையவற்றைத் தொடர்ந்து இறுக்குகிறது. லண்டனில் தேறிய தேயிலை ஹம்பேர்க்கில் தேறும் என்று எண்ண முடியாது. ஆய்வுகூட அறிக்கை எடுக்கும்போது இரு பட்டியலுக்கும் ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள், மாதிரி ஒன்றுதான்.

கறுவாவுக்கு ஒரு குறிப்பு. ‘சிலோன் சினமன்’ புவியியல் குறியீடு ஒன்றியத்தில் பதிவானது 2022 பெப்ரவரியில், பிரித்தானியா விலகிய பிறகு. அந்தப் பாதுகாப்பு கால்வாயைத் தாண்டி லண்டனில் தானாகச் செல்லாது.

வல்லாரை, பொன்னாங்காணி அனுப்புகிறவர்களுக்குத் தெரிவே இல்லை. விமானத்தில் போய் ஓரிரு நாளில் கடைக்கு வர வேண்டிய இலையை லண்டனில் இறக்கி மறுபடி எல்லை தாண்ட வைத்தால் பழுத்துவிடும். அதோடு இந்த இரண்டும் பூச்சிகொல்லி எச்சத்துக்காக ஒன்றியத்தின் கூடுதல் சோதனைப் பட்டியலில் ஏறியவை. பட்டியலும் சோதனை வீதமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வாகும். பிரித்தானியா அதே பட்டியலோடு விலகி, பின்னர் தனியாகத் திருத்திக்கொள்கிறது. இறக்குமதியை முன்னறிவிக்கும் இணையமுறையும் தனித்தனி: ஒன்றியத்தில் ட்ரேசஸ், பிரித்தானியாவில் ஐபாஃப்ஸ். ஏற்றும் வாரத்தில் இரு பட்டியலையும் பார்க்காமல் பெட்டி கட்டக்கூடாது.

மிகவும் கவனிக்க வேண்டியது சீனிச் சம்பல் போத்தல். மாசிக் கருவாடு சேர்ந்திருந்தால் ஒன்றியத்தின் கண்ணில் அது கூட்டு உணவு, அதாவது தாவரப் பொருளும் பதப்படுத்திய விலங்குப் பொருளும் கலந்தது. 2021 ஏப்ரல் 21 முதல் அந்த விதி இறுகியது: அறை வெப்பநிலையில் கெடாத போத்தலாக இருந்தாலும், உள்ளே உள்ள மாசி ஒன்றியம் அங்கீகரித்த நிலையத்திலிருந்து வந்திருக்க வேண்டும், இறக்குமதியாளர் ஒப்பமிட்ட உறுதிப் பத்திரம் கூட வர வேண்டும். ஒன்றியத்தை விட்டுப்போன பிரித்தானியா இந்த மாற்றத்தோடு நகரவில்லை. நாலாம் குறுக்குத் தெருவில் மூடையாக வாங்கிய மாசிக்கு அங்கீகார இலக்கம் கிடைக்காது. ஐரோப்பாவுக்கு மாசியில்லாச் சம்பல் என்று தனி வகை செய்வதே சிறிய உற்பத்தியாளருக்கு மலிவான விடை. ருசி குறையும், பொதி திரும்பி வராது.

எதைத் தெரிவது

நேரே அனுப்புவதற்கான மேலதிகச் செலவு, கொள்கலனைப் பிரிப்பதில் வருகிறது. 20 அடிக் கொள்கலனில் நடைமுறையில் 28 கனமீற்றர் அளவு ஏற்றலாம். ஐரோப்பியப் பங்கு 6 கனமீற்றர்தான் என்றால் அது கூட்டுக் கொள்கலனில், கனமீற்றர் கணக்கில் போகும், இலக்குத் துறைமுகக் கட்டணம் வலிக்கும். அந்த மேலதிகத்தை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம், லண்டன் வழியாகப் போனால் கட்ட வேண்டிய ஐரோப்பியத் தீர்வையையும் அங்கிருந்து மறு ஏற்றுமதி செய்யும் பத்திரச் செலவையும் எழுதுங்கள். 30,000 யூரோ ஆடையில் தீர்வை மட்டும் 3,600, நேர்வழி வெல்லும். 6,000 யூரோ தேயிலையில் தீர்வை இல்லை. லண்டன் வழி வெல்லலாம். இரண்டும் கலந்து அனுப்புகிறவர் ஆடையை மட்டும் பிரித்து நேரே அனுப்புவது தவறில்லை. எல்லாவற்றையும் ரொட்டர்டாம் பிணைக் களஞ்சியத்துக்கு அனுப்பி அங்கிருந்து லண்டனுக்குப் பிரிக்கும் யோசனை, ஐரோப்பியப் பங்கு பாதிக்கு மேல் இருந்தால்தான் பொருந்தும். ஒரு சந்தையைக் கைவிடுவதை, பொதி 3,000 யூரோவுக்குக் கீழே தங்கிவிடுகிறவர்கள் வெட்கப்படாமல் யோசிக்கலாம்.

எந்த வழியாயினும், வாசலில் கொண்டுபோய் இறக்கித் தீர்வையும் கட்டித் தருகிறேன் என்று பரிஸ் கடைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு ஒன்றியத்தில் ஈ.ஓ.ஆர்.ஐ. எனப்படும் சுங்கப் பதிவு இலக்கம், வற் பதிவு, உங்கள் பெயரில் பொறுப்பேற்கும் சுங்கப் பிரதிநிதி மூன்றும் வேண்டும். கொழும்புக் கம்பனிக்கு அது முதலாண்டில் கட்டாது. இறக்குமதியாளராக வாங்குபவரின் பெயர் இருக்கட்டும்.

லேபிளில் இரண்டு முகவரிகளையும் அச்சிடலாம். ஒன்றியத்தில் விற்க அங்குள்ள இறக்குமதியாளர் முகவரி வேண்டும்; பெரிய பிரித்தானியாவில் 2024 ஜனவரி முதல் பிரித்தானிய முகவரி வேண்டும். ஒரே போத்தல் இரு பக்கமும் போக இது போதும். ஆனால் ஓர் ஆண்டுக்கான லேபிளை ஒன்றாக அச்சடித்து அடுக்கி வைக்காதீர்கள். 2025 மே 19 உச்சிமாநாட்டில் உணவு, தாவரச் சுகாதார விதிகளில் மீண்டும் ஒன்றியத்தோடு ஒத்துப்போக பிரித்தானியா இணங்கியது. அந்த ஒப்பந்தம் நிறைவேறினால் எச்ச எல்லைகளும் சம்பலுக்குள் இருக்கும் மாசியின் கதையும் லண்டனிலும் ஐரோப்பிய விதிக்கே திரும்பும். உணவு அனுப்புகிறவர்கள் இப்போதே இறுக்கமான பட்டியலுக்குத் தயாரிப்பது நல்லது. ஆடைத் தீர்வை அதில் அடங்காது. அங்கே இரண்டு இன்வொய்ஸ், இரண்டு வாசகம் தொடரும்.